சுமாராக இருக்கிறாள்

பிப்ரவரி 3

மதியைத் தூக்கிக்கொண்டு மதுரை போய் வந்தாயிற்று. கோவில்பட்டியில் பஸ் ஏறும்போது உட்கார இடமில்லை. சாத்தூர் வரை இடுப்பில்தான் வைத்திருந்தேன். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "எறக்கி விடு தாயி, நிக்கட்டும். இப்படிச் செல்லம் குடுத்தா காலு எப்படி உரம் பிடிக்கும்?" என்று ஒரு அம்மா நியாயம் பேசினாள். முட்டி இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்ததைப் பாவாடை மூடியிருந்தது. "நல்லா நடப்பா. தூக்கக் கலக்கம்" என்று சொல்லி வைத்தேன்.

டாக்டர் ரெபேக்கா இந்தத் தடவை நல்ல சேதி வைத்திருந்தார். மூட்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் சேர்த்துக் கொண்டுவருகிற இந்த நோய்க்குப் புது ஊசி ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறதாம். மாதம் ஒன்று. ஆறு மாதம் இலவசம். அதன்பிறகு யாருக்குப் பலன் தெரிகிறதோ அவர்களுக்கு மட்டும் தொடர்ந்து தருவார்கள். கடையில் வாங்குவதென்றால் மதி அப்பா ஓட்டுகிற லாரியை விற்றாலும் கட்டாது. அந்த லாரியும் அவருடையது இல்லை. கைகாட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு பெர்சி என்று ஒரு பெண் தனி அறைக்குக் கூட்டிப்போனாள். நாகர்கோவில் பக்கம். இந்த ஆராய்ச்சிக்கென்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நோயோடு இருக்கிற பிள்ளை எப்படி வாழ்கிறது என்று அளக்க அவளிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. ரத்தத்தை அளக்கலாம், வீக்கத்தை அளக்கலாம், வாழ்வதை எப்படி அளப்பாய் என்று கேட்டேன். "அம்மாட்ட கேட்டுத்தான் அக்கா" என்றாள். போன ஒரு மாதத்தில் பிள்ளை நடக்கச் சிரமப்பட்டதா, பென்சில் பிடிக்கச் சிரமப்பட்டதா, மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாமல் போனதா, வலியில் விழித்துக்கொண்டதா என்று வரிசையாகக் கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'எப்போதும்' வரைக்கும் ஐந்து பதில். அவள் வாசிக்கலாம். விளக்கம் சொல்லக் கூடாது, பதில் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அது அவளுக்குப் போட்டிருக்கிற விதி.

மடியில் பிள்ளை. நல்லது நடக்க வந்திருக்கிற இடம். முதல் நாள். அங்கே உட்கார்ந்து 'எப்போதும் வலி, எப்போதும் அழுகை' என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? எல்லாவற்றுக்கும் ஒருபோதும் இல்லை என்றேன். பெர்சி மதியின் விரல்களை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், குறித்துக்கொண்டாள். அதன்பிறகுதான் முதல் ஊசி போட்டார்கள்.

பிப்ரவரி 6

பள்ளிக்கூடத்துக்கு இன்றும் முட்டை வரவில்லை. சத்துணவு அமைப்பாளர் என்று பெயர்தான் பெரிது. முட்டை வராவிட்டால் பிள்ளைகள் முதல் தலைமையாசிரியர் வரை என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நானா முட்டை போட முடியும்?

சமையல் செய்கிற மூக்கம்மா அக்கா, "மதி எப்படி இருக்கா வள்ளி?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் சரியாப் போகும்" என்றாள். மூக்கம்மா அக்காவிடம் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்தக் கண்ணேறு, வாக்குப் பலிப்பது எதிலும் நம்பிக்கை கிடையாது. படித்தவள். ஆனால் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆண்டு விழாவில் மதி ஆடிவிட்டு வந்தபோது, "எம்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வாசலே தெரியாது டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. இன்னும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறோம்.

பிப்ரவரி 15

நன்றாக இருக்கிறாள். மாலைக் காய்ச்சல் நூற்று மூன்று. இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. ஊட்டினேன்.

மார்ச் 5

இரண்டாவது ஊசி. டாக்டர், "கொஞ்சம் பொறுங்கம்மா, இது மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றார். பொறுக்காமல் எங்கே போகிறது. திரும்பும்போது விருதுநகரில் ஒரு சீட்டு கிடைத்தது. கோவில்பட்டி வரும்வரை மதி என் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 19

காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், அடுக்களை வாசலில் மதி நிற்கிறாள். கட்டிலில் இருந்து அவளாகவே எழுந்து வந்திருக்கிறாள். சுவரைப் பிடிக்கவில்லை. "பசிக்கும்மா" என்கிறாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதி சுமாராக இருக்கிறாள்.

ஏப்ரல் 12

செண்பகவல்லியம்மன் தேர். மதி அப்பா நேற்று வந்தார். குஜராத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் சில மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறார். போன வாரம் போனில், "மதி எப்படி இருக்கா?" என்று கேட்டார். "சுமாரா இருக்கா" என்றேன். "சுமாராவா? நெசமாவா சொல்லுத?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் போனிலேயே மூக்கைச் சிந்தினார். வரும்போது பிள்ளைக்குக் கால் கொலுசு வாங்கி வந்திருக்கிறார்.

தேர் பார்க்கப் போன இடத்தில் மதி கையை உதறிக்கொண்டு ஓடினாள். வடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று குதித்தாள். கொலுசுச் சத்தம் கூட்டத்திலும் எனக்குக் கேட்டது. டீச்சர் ஒருத்தர் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எப்படி ஓடுது பாருங்க!" என்றார். "எங்க டீச்சர், வீட்டுக்கு வந்தா முனகுதா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். ஒரு நெடியும் இல்லை. அவ்வளவு கண் பட்டிருக்கிறது. மதி அப்பா சிரித்தார். "நெடி வந்தா மொளகா நல்லா இருக்குன்னு அர்த்தம். வராட்டி மட்ட மொளகா. எங்க வாங்குன?" என்று கேட்டார்.

கன்னத்துப் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொல்லி மதியே கன்னத்தைக் காட்டுகிறாள்.

மே 7

மறுபடி பெர்சி, மறுபடி கேள்வித்தாள். மதியை மடியில் வைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வராந்தாவில் கட்டம் கட்டமாகக் கல்பதித்த தரையில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். வராந்தா முழுக்க நோயாளிப் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள். எல்லாக் கண்ணும் என் பிள்ளை மேல்தான்.

நடக்கச் சிரமப்படுகிறாளா? சில நேரங்களில். பென்சில் பிடிக்க? அடிக்கடி. விளையாட? அடிக்கடி. நாளைக்கு என்ன ஆகுமோ என்று பிள்ளை கவலைப்படுகிறதா? "அது என் வேலைம்மா, அதையும் பிள்ள பாத்தா எனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்றேன். பெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அஞ்சுல ஒண்ணு சொல்லணும் அக்கா" என்றாள். அதற்கும் அடிக்கடி.

சின்னப் பிள்ளைகளுக்குத் தாள் கிடையாது. மூன்று முகம் வரைந்த அட்டை. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். மதி எல்லாவற்றுக்கும் நடுமுகத்தையே தொட்டாள். "ஏன் பாப்பா, ஒண்ணுக்காவது சிரிக்கிற மூஞ்சி இல்லியா?" என்று பெர்சி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாதாம். "அதைத் தொட்டா எங்கம்மா வையும்" என்றாள் மதி. வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் உள்ளுக்குள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 14

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் வகுப்பு. மதியம் சாப்பாட்டு வரிசையில் தட்டை அவளே ஏந்திக்கொண்டு வந்தாள். போன வருஷம் நான்தான் தட்டைப் பிடிப்பேன். கயிறு தாண்ட வேண்டும் என்று தொந்தரவு. மூக்கம்மா அக்கா மாவு மூட்டை கட்டிய சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சுமார்தான்.

ஆகஸ்ட் 6

ஆறாம் மாதக் கேள்வித்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு தாய், அவளுடைய பையனுக்கு ஊசி பிடிக்கவில்லையாம், மதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம், அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் காது கேட்க, என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா? எல்லாவற்றுக்கும் அடிக்கடி, எப்போதும் என்று சொல்லிக்கொண்டே போனேன். மதியும் வழக்கம்போல நடுமுகம். பெர்சி பேனாவை மூடிவிட்டு, "அக்கா" என்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்ல அக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 20

எழுத்து கோணலாகப் போகிறது.

டாக்டர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மேலே இருந்து கீழே இறங்குகிற ஒரு கோடு. "இது நீங்க சொன்ன பதில்கள்மா. ஊசி போடுறதுக்கு முன்னாடி பிள்ள நல்லா வாழ்ந்திருக்கா. ஊசி போடப் போட மோசமாயிட்டே வந்திருக்கா."

"இந்தா வெளிய ஓடிட்டு இருக்காளே டாக்டர், நீங்க பாக்கலையா?"

"பாக்குறேன்மா. எனக்குக் கண்ணு இருக்கு. ரத்தம் நல்லா இருக்கு, வீக்கம் ஒண்ணுகூட இல்ல. ஆனா ஆராய்ச்சி நடத்துறவங்க மூணு பாக்குறாங்க. ரத்தம், நான் மூட்டைத் தொட்டுப் பாத்து எழுதுறது, நீங்க சொல்றது. மூணுலயும் முன்னேற்றம் இருந்தாத்தான் மருந்து தொடரும். மூணாவதுல இல்ல. நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"இதுக்குத்தான் கேக்கீகன்னு மொதல்லயே சொல்லப்படாதா?"

"சொல்லக் கூடாதும்மா. சொன்னா மருந்து நின்னுடக் கூடாதேன்னு எல்லா அம்மாவும் நல்லதாவே சொல்லிடுவாங்கல்ல?" பிறகு, "டாக்டருக மட்டும் சொன்னா பத்தாது, வீட்டுல பிள்ளையோட இருக்கவங்க பேச்சும் ஏறணும்னுதான் இதைச் சேத்தாங்க. நல்ல எண்ணத்துல வந்ததுதான்" என்றார்.

நல்லதாகச் சொல்லிவிடுவோம் என்று பயந்தார்களாம்! கும்பிடத் தோன்றியது. எந்த ஊர் அம்மாவைப் பார்த்து இந்த விதியை எழுதினார்கள்?

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கஷ்டப்படுகிற பிள்ளையைக் கஷ்டப்படுகிறாள் என்று சொல்லமாட்டேன், நன்றாக இருக்கிற பிள்ளையை நன்றாக இருக்கிறாள் என்றும் சொல்லமாட்டேன், தலைகீழாகத்தான் சொன்னேன், எல்லாத் தாள்களையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்கம்மாவும் எப்ப போன் போட்டாலும் 'ஏதோ இருக்கேன்'னுதான் சொல்லும். எனக்கு இது தோணலையே" என்றார். ஆனால் தாள்களைத் திருத்த முடியாதாம். போனது போனதுதான். மேலே எழுதிப் பார்க்கிறேன், அதுவரை பொறுங்கள் என்றார்.

வெளியே பெர்சி நின்றுகொண்டிருந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "மொத நாளே எனக்குத் தெரிஞ்சு அக்கா. எங்க ஊர்லயும் இப்படித்தான் சொல்லுவாவ. கேக்கப்பிடாதுன்னு சொல்லியிருந்தாவ, அதான்..." என்றாள். அவளைத் திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. வேலைக்கு வந்த பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது. பேசாமல் மதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

தலை பின்னிவிடும்போது மதி கேட்டாள். "எம்மா, நான் ஃபெயிலா?"

"யாரு சொன்னா?"

"மூணுல ரெண்டுதான் பாஸுன்னு டாக்டர் சொன்னது வெளிய கேட்டுச்சுல்லா."

"நீ பாஸுதான். அம்மாதான் ஃபெயிலு."

"அம்மாவுக்கும் பரிச்சை வச்சாங்களா?" என்று சிரித்தாள். கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

செப்டம்பர் 4

ஊசி நாள். போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அரிசி இறக்கினார்கள். மூட்டையை எண்ணுவதற்குள் மூன்று தடவை தப்பிவிட்டது. தலைமையாசிரியர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 13

காலையில் மதி எழுந்திருக்க நேரமாயிற்று. தூக்கம் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். "கால் எந்திரிக்க மாட்டேங்கும்மா" என்றாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அவள் தாண்டுகிற கயிற்றை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். கண்ணில் பட்டால் கேட்பாள்.

செப்டம்பர் 17

டாக்டர் ரெபேக்கா எழுதியதற்குப் பலன். மறுபரிசீலனைக்கு ஒத்துக்கொண்டார்களாம். ஆனால் அதற்கும் கேள்வித்தாள்தான். சென்னையிலிருந்து போனில் கேட்பார்கள். "இந்தத் தடவை உள்ளது உள்ளபடி சொல்லிருங்கம்மா. பயப்படாதீங்க" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

போன் வந்தபோது மதி வீட்டுக்குள் படுத்திருந்தாள். அவள் காதில் விழக் கூடாதென்று வேப்பமரத்தடி தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். நல்லவேளை, தண்ணீர் வராத நாள், ஆள் இல்லை. அந்தப் பக்கம் தூய தமிழில் ஒரு பெண் வாசித்தாள். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் குழந்தை நடக்கச் சிரமப்பட்டதுண்டா? அடிக்கடி. பென்சில்? எப்போதும். வலியால் விழித்தல்? எப்போதும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெற்ற பிள்ளைக்கு நானே சாபம் கொடுக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அந்தப் பெண், "நன்றி அம்மா, நல்ல நாளாக அமையட்டும்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்குள் போகுமுன் குடத்து நீரில் வாயைக் கொப்பளித்தேன்.

செப்டம்பர் 29

வந்துவிட்டது. டாக்டரே போனில் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

முதல் தாளில் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் குறைந்தது. இப்போது இன்னும் குறைந்திருக்கிறது. ஆகவே ஆரம்பத்திலிருந்தே இறங்குமுகம்தான். மருந்து உதவவில்லை என்பது மேலும் உறுதியாகிறது. மதியின் ஃபைலை மூடிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னேனே டாக்டர் என்று கேட்டேன். "சொன்னீங்கம்மா. அந்த முதல் தாளை எதை வச்சும் தாண்ட முடியல" என்றார். பழைய மாத்திரைகளையே கூட்டிக் கொடுக்கலாம், வேறு இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, பிள்ளை சோர்ந்து சோர்ந்து தூங்கினாலோ, ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் கூட்டி வந்துவிட வேண்டுமாம். இந்த நோய் சில பிள்ளைகளுக்குத் திடீரென்று ரத்தத்தில் பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகுமாம்.

இந்தத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

அக்டோபர் 8

மாத்திரையில் மதியின் முகம் உப்பிப் பூரிபோல் ஆகிவிட்டது. கடைத்தெருவில் பார்த்த சொந்தக்காரப் பெண், "பிள்ள பூசுனாப்புல அழகாயிட்டாளே! என்ன குடுக்க?" என்றாள். கறுப்புப் பொட்டு வைக்காமல்தான் கூட்டிப்போயிருந்தேன். வைக்கத் தோன்றவில்லை. இந்த உடம்புக்கு யார் கண் வைத்து என்ன ஆகப்போகிறது.

முதல்முறையாக ஊரில் ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொன்னேன். "அழகு இல்லக்கா. மருந்து வீக்கம். பிள்ளைக்கு ரொம்ப முடியல." அவள் திடுக்கிட்டு, "சேச்சே, பெத்தவ வாயால இப்படியா சொல்லுவாக?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 14

காய்ச்சல் இரண்டு நாளாக இறங்கவில்லை. மதுரையில் சேர்த்துவிட்டோம். ஜன்னல் பக்கத்துக் கட்டில். வெளியே மழை. மதி அப்பாவின் லாரி ராஜ்கோட்டில் சரக்கு இறக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. "வரட்டுமா?" என்று கேட்டார். முதலாளி விடமாட்டார், சம்பளத்தைப் பிடிப்பார். "இருங்க, பாத்துக்கிடுவோம். ரெண்டு நாள்ல எறங்கிரும்னு சொல்லுதாங்க" என்றேன்.

அக்டோபர் 16

பெர்சி பார்க்க வந்தாள். ஆராய்ச்சி முடிந்து வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். சிரிக்கிற முகம் வரைந்த பலூன் ஒன்று வாங்கி வந்திருந்தாள். மதி அதை வாங்கி முகம் தெரியாதபடி திருப்பிக் கட்டிலில் கட்டச் சொன்னாள். கன்னத்தில் பொட்டு வைக்கச் சொல்லி என்னிடம் முகத்தைக் காட்டினாள். மை கொண்டுவரவில்லை. பெர்சி தன் கண்மையை எடுத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 17

மதியம் மதி தூங்கி விழித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஈறு ஓரத்தில் ரத்தம் கோடுபோல் இருந்தது. "எப்படி இருக்கு கண்ணு?" என்றேன். இத்தனை மாதத்தில் அவள் எனக்குச் சொல்லாத பதிலைச் சொன்னாள்.

"நல்லா இருக்கேம்மா."

அப்படியே என் கையைத் தட்டிக்கொடுத்தாள், நான் அவளைத் தட்டிக்கொடுப்பதுபோல.

இந்தப் பிள்ளை ஓடியாடின நாளிலெல்லாம் "சுமார்தான்" என்று சொன்னவள். யாரிடம் படித்தாள் என்று கேட்கவா வேண்டும். நர்ஸ் மேசைக்கு ஓடினேன். "டாக்டரக் கூப்பிடுங்க சிஸ்டர், எம்பிள்ள நல்லா இருக்கேன்னு சொல்லுதா!"

அந்தப் பெண் புதிது. எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தாள். "நல்லதுதானம்மா. ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வரும்போது சொல்லுங்க."

"இல்ல சிஸ்டர், எம்பிள்ள அப்படிச் சொல்லமாட்டா. அப்படிச் சொன்னான்னா..."

"பிள்ள நல்லா இருக்கேன்னு சொன்னா சந்தோசப்படணும்மா. நீங்க எதுக்கு அழுறீங்க? போய்ப் பக்கத்துல உக்காருங்க."

இதை எந்த மொழியில் சொல்வது? கையைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். காவல்காரர் ஒருவர் வந்து, "சத்தம் போடாதீங்கம்மா" என்று என் தோளைப் பிடித்தார். நல்லவேளையாக அந்தப் பக்கம் வந்த டாக்டர் ரெபேக்கா என் முகத்தைப் பார்த்து நின்றார். "நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா டாக்டர்" என்றேன். அடுத்த நொடியே மதியின் கட்டிலுக்கு ஓடினார்.

மதியைத் தீவிர சிகிச்சைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை.

அக்டோபர் 18

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டிருக்கிறார்கள். கொலுசைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் ரெபேக்கா காலையில் ஒருதடவை வெளியே வந்து, செய்ய முடிந்ததையெல்லாம் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த ஊசிக்கும் எங்கெங்கோ பேசியிருக்கிறாராம், வந்தாலும் வரலாம். எப்போது என்று நான் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ராஜ்கோட்டிலிருந்து மதி அப்பா கூப்பிட்டார். பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம்.

"மதி எப்படி இருக்கா வள்ளி?"

உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் நினைத்தேன். இந்த வாய்க்கு அது வரவில்லை.

"நல்லா இருக்கா" என்றேன்.

யாரிடமோ, "லாரி சாவிய வாங்கிக்கோ" என்று அவர் சொல்வது கேட்டது.

"இந்தா கெளம்பிட்டேன்" என்றார்.